முதலில் ஒலி; பிறகே ஒளி



முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக் காலம் நெருங்கினால் போதும், நம் திறன்பேசிகளில் தமிழ்ப்பள்ளிப் பாடல் காணொளிகள் வந்து குவியத் தொடங்கிவிடும். பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்ற முழக்கத்தை இசையோடு சொல்ல வேண்டும் என்ற ஆர்வம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், வானில் பறக்கும் டிரோன் படம், மெதுவாக அசையும் கூந்தல், நான்கு ஒளிவிளக்குகள் என எல்லாம் இருந்தும், பாடுகின்ற குரல் மட்டும் அந்தப் பிள்ளைகளுடையதாக இருப்பதில்லை. இதைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

பிறரைச் சொல்லுமுன் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். முறையாக இசை பயின்ற ஒரு கல்லூரி மாணவியைப் பாட வைத்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்து, என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வாயசைக்கச் சொன்னேன். காணொளி அழகாகவே வந்தது. பள்ளி மண்டபத்தில் திரையிட்டபோது கைதட்டலும் கிடைத்தது. எல்லாரும் கலைந்த பிறகு ஒரு தாயார் என்னிடம் வந்து, "டீச்சர், இதுல எங்க பையன் குரல் எது?" என்று கேட்டார். அவர் குறையாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். வீட்டில் ஒரு மாதமாக அந்தப் பையன் அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தானாம். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்னும் வழக்கம் நமக்குத் திரைப்படம் தந்த கொடை. தொடக்க காலத் தமிழ்ப் பேசும் படங்களில் நடிகர்களே படப்பிடிப்புத் தளத்தில் பாடினர். பக்கவாத்தியக்காரர்கள் படக்கருவியின் கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருந்து வாசித்தனர். 1938இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில்தான் ஒருவர் பாட, வேறொருவர் வாயசைக்கும் முறை தமிழுக்கு வந்தது. திரைத்துறைக்கு அது தேவையாக இருந்தது. பள்ளிக்கூடத்திற்கும் அது தேவைதானா?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1929இல் ஜோர்ஜ்டவுனில் பிறந்த பி. ரம்லி 1948இல் 'சிந்தா' என்ற மலாய்ப் படத்தில் அறிமுகமானபோது, கதாநாயகன் வாயசைக்க, குரலைத் தந்தவர் அவர். முகம் வேறு, குரல் வேறு. இரண்டே ஆண்டுகளில், 1950இல் வெளிவந்த 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் என்ற தமிழர். அப்படத்தில் ரம்லியின் முகமும் ரம்லியின் குரலும் ஒன்றாகத் திரையில் தோன்றின. அதன் பிறகு நடந்தது மலேசியர் அனைவரும் அறிந்ததே. அவர் பயின்ற பினாங்கு ஃபிரீ ஸ்கூலில்தான் 1816இல் மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது என்பது இங்கே தேவையில்லாத செய்திதான். ஆனாலும் தமிழாசிரியர் என்ற முறையில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை!

ஆகவே, இப்போது என் வகுப்பில் படக்கருவியைத் தொடுமுன் இரண்டு வாரம் ஒலிக்கே ஒதுக்குகிறேன். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பலர் வழுக்கி விழுகிறோம். திரைப்பாடலின் கரோக்கே இசையை இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்தினால், யூடியூபில் ஏற்றிய உடனே உரிமைக்கோரல் வரும். அது ஒருபுறமிருக்க, அந்த இசை பெரியவர்களின் சுருதியில் அமைந்தது. ஆண் பாடகர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடியதைப் பத்து வயதுப் பிள்ளை பாடினால் கீழ்ச்சுரங்கள் காற்றாகப் போகும்; மேலே ஏற்றிப் பாடினால் கத்தலாகும். பிள்ளைகளுக்கு ஐந்து கட்டையை ஒட்டிய சுருதி பெரும்பாலும் பொருந்துகிறது. "முதலில் குழந்தையின் குரலைக் கேளுங்கள், பிறகு ஆர்மோனியத்தைத் தொடுங்கள்" என்று நான் பயின்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது அதைத் தேர்வுக்காகப் படித்தேன். பொருள் புரிந்தது பிறகுதான்.

பாரதியின் பாடல்கள் 1949இலேயே அரசுடைமையாயின. சொற்களை யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் திரையில் வந்த மெட்டு இசையமைப்பாளருடையது என்பதை மறந்துவிடக் கூடாது. மெட்டை நாமே அமைத்துக்கொள்வதே நல்லது. ஐந்து சுரத்தில் அமைந்த எளிய மெட்டு போதும்; மோகனத்தில் பிள்ளைகள் எளிதில் ஒன்றிவிடுகின்றனர்.

ஒலிப்பதிவுக்குக் கூடம் வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. எங்கள் பள்ளியில் மண்டபம், இசையறை, கணினி அறை மூன்றையும் சோதித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் எதிரொலி. கடைசியில் நூலகமே சிறந்ததாக அமைந்தது. புத்தக அடுக்குகளும் தரைவிரிப்பும் ஒலியைச் சிதறடித்தும் உறிஞ்சியும் விடுகின்றன. சன்னல்களில் இரண்டு கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். மின்விசிறி, குளிர்சாதனம் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும், வியர்த்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணி நல்ல நேரம். பள்ளி மணி அடிக்காது, பேருந்துகளும் குறைவு. மாலையில் வைத்தால் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கிவிடும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

நான்கு நான்கு பேராக நிற்க வைத்து, திறன்பேசியை வாயிலிருந்து ஏறக்குறைய இரண்டு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வைக்கிறோம். தனியாகப் பாடுபவருக்கு ஒரு சாண் போதும். அழைப்பு வராதபடி விமானப் பயண நிலையில் வைத்துவிட வேண்டும். பக்க இசையைக் காதணி ஒலிப்பான் வழியாக மட்டுமே பிள்ளைகள் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியில் போட்டால் அதுவும் சேர்ந்து பதிவாகி, பிறகு பிரிக்க முடியாமல் போகும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒருவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிக் கைதட்ட வேண்டும். கணினியில் அந்தக் கைதட்டல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்ப்படுத்தினால் பாட்டு முழுதும் தானே பொருந்திவிடும்.

சுருதி சற்று விலகும் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் விலக்குவதில்லை. நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவில் நிற்க வைப்பேன். காது தானாகவே திருத்திக்கொள்ளும். முழுதும் திருந்தாவிட்டாலும் குழுவில் அது ஒரு வண்ணமாகத்தான் கேட்கும்.

ஒலி முடிந்த பிறகே படம். சென்ற முறை எங்கள் பாட்டின் நீளம் 160 விநாடி. ஒரு ஷாட்டுக்கு ஐந்து விநாடி என்று வைத்தால் 32 ஷாட். இந்தக் கணக்கைக் கணித வேளையில் மாணவர்களே போட்டனர். வகுப்பில் 24 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு குளோசப் உறுதி; மீதி எட்டு ஷாட்டுகள் குழுவுக்கும் இடங்களுக்கும். ஆளுக்கொரு தாள் கொடுத்து, தம் வரியையும் அந்த வரிக்கு என்ன தெரிய வேண்டும் என்பதையும் கட்டத்துக்குள் வரையச் சொன்னேன். 'வெள்ளம்' என்ற சொல்லுக்கு ஒரு மாணவி கடலை வரையவில்லை. மழைநாளில் தன் அடுக்குமாடியின் கீழே தேங்கும் நீரையும் அதில் மிதக்கும் காலணியையும் வரைந்திருந்தாள். காசு கொடுத்து அழைத்துவரும் ஒளிப்பதிவாளருக்கு இது தோன்றியிருக்குமா?

லிட்டில் இந்தியாவில், மகாமாரியம்மன் கோயில் இருக்கும் குவின் தெருவில் எடுக்க எல்லாருக்கும் ஆசை. சென்று பார்த்தால், பக்கத்துக் கடைகள் திரைப்பாடல்களை முழு ஒலியில் வைத்திருக்கும். நம் ஒலிபெருக்கியில் வரும் பாட்டு பிள்ளைகளுக்கே கேட்காது. உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அதனால் அங்கே பாடும் ஷாட்டே வேண்டாம் என்று முடிவெடுத்து, நடப்பது, பூ வாங்குவது, கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். கோயில் மணியையும் கடைத்தெரு இரைச்சலையும் தனியாகப் பதிவு செய்து, பாட்டின் முன்னே எட்டு விநாடி சேர்த்தோம். கடைப்பாடல் கலக்காத மூலையைத் தேடியலைந்ததுதான் பெரும்பாடு.

பாடும் ஷாட்டுகளைப் பாடாங் கோத்தா திடலில் எடுத்தோம். அங்கே ஒரு அறிவியல் பாடமும் கிடைத்தது. ஒலிபெருக்கியைப் படக்கருவியின் அருகே வைத்துவிட்டு, பிள்ளைகளை வெகுதூரம் தள்ளி நிறுத்தினோம். வீட்டில் போட்டுப் பார்த்தால் உதடுகள் பாட்டுக்குப் பின்னால் ஓடுகின்றன! ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும். 34 மீட்டர் தள்ளி நின்றவர்களுக்குப் பாட்டு பத்தில் ஒரு விநாடி தாமதமாகக் கேட்டிருக்கிறது. விநாடிக்கு 25 படம் என்றால் இரண்டரைப் படம் பிந்திவிட்டது. மறு வாரம் ஒலிபெருக்கியைப் பிள்ளைகளின் காலடியில், புல்லில் மறைத்து வைத்தோம், சிக்கல் தீர்ந்தது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் நிலநடுக்கோட்டிற்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறோம். நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்கும் பிறகு. பதினொன்று முதல் நான்கு வரை எடுத்தால் பிள்ளைகளின் கண்கள் கருங்குழிகளாகத் தெரியும். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை எடுத்தால் முகம் மலர்ந்திருக்கும்.

"பள்ளியின் பெயர் வெளியே தெரிய வேண்டுமே, தரம் வேண்டாமா?" என்று சில பெற்றோர் ஆசிரியர் சங்க நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் காலத்தில் அவர்களின் கவலை என் கவலையும்தான். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக்காக ஏ.ஆர். ரகுமான் இசையில் கௌதம் மேனன் எடுத்த காணொளியைப் போல் வேண்டும் என்று பலர் சொல்கின்றனர். அக்காணொளியை மறுபடியும் பாருங்கள். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் தம் முகத்தோடு, தம் குரலோடு வருகின்றனர். நாம் டிரோனைப் பார்த்து மயங்கி, இதைப் பார்க்கத் தவறிவிட்டோம். மேலும், பள்ளியைத் தேடி வரும் பெற்றோர் காணொளியில் காண விரும்புவது தம் பிள்ளை நாளை அமரப்போகும் வகுப்பை. வாடகைக் குரலால் அதைக் காட்ட முடியாது. இதில் என்னோடு உடன்படாதவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: முகம் தெரியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் தராத பெற்றோரிடம் காரணம் கேட்காதீர்கள். அப்பிள்ளைக்குக் கைதட்டும் பணியோ, ஒலிப்பதிவோ, கைகள் மட்டும் தெரியும் ஷாட்டோ கொடுக்கலாம். எங்கள் காணொளியில் உருமி வாசிக்கும் கைகள் அப்படி வந்தவையே. பார்த்தவர்கள் அதிகம் பாராட்டியதும் அதைத்தான்.

அந்தப் பழைய காணொளியில் வாயசைத்த மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். சென்ற மாதம் பள்ளிக்கு வந்திருந்தவனிடம், புதிய பாட்டின் சரணத்தில் நான்கு வரி பாட வருவாயா என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது டீச்சர் என்றான். பரவாயில்லை, இரண்டு கட்டையில் பாடு என்றேன். வரும் சனிக்கிழமை எட்டு மணிக்கு நூலகத்தில் பதிவு. கம்பளிப் போர்வை இன்னும் இரண்டு தேவைப்படுகிறது. பெற்றோர் யாரேனும் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்தால் உதவியாக இருக்கும்.