கோடு ஏறினால் நல்லதா?



குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் ஒரு தாய் தன் பிள்ளையின் வளர்ச்சி அட்டையை என்னிடம் நீட்டினாள். மூன்று மாதமாகப் புள்ளிகள் ஒரே மட்டத்தில் இருந்தன. "கோடு நேராப் போகுது அக்கா, பிள்ளை நல்லா இருக்கான்தானே?" என்றாள். எனக்குப் பகீரென்றது. வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றால் அது எச்சரிக்கை.

அவளைக் குறை சொல்ல முடியாது. முன்பு அவள் மாமியார் காய்ச்சலில் படுத்திருந்தபோது கட்டிலில் தொங்கிய சார்ட்டைத் தினமும் பார்த்திருக்கிறாள். அதில் கோடு ஏறினால் பயம், நேராக நின்றால் நிம்மதி. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் படித்தாள்.

படம் போட்டுக் காட்டினால் யாருக்கும் புரியும் என்று நினைக்கிறோம். அது தவறு என்பது என் கருத்து. எழுத்தைப் போலவே கோட்டையும் ஒருவர் கற்றுக்கொடுத்துத்தான் படிக்க முடியும். நான் நர்சிங் வகுப்பில் கற்றேன். அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நம் யாங்கோன் பாட்டிமார் சிலருக்கு பர்மிய எண்தான் பழக்கம். அட்டையில் 1, 2, 3 என்று அச்சிட்டிருந்தால் அங்கேயே தடுமாறுவார்கள்.

தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கிராமத்துப் பெண் ஊழியர்கள் மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டு அட்டையில் குறித்தார்கள். அட்டையோடு அதை விளக்க ஓர் ஆளும் ஊரிலேயே இருந்தது அதன் பலம்.

புயத்தைச் சுற்றி அளக்கும் நாடாவைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எண் தெரியாத தாயும் பயன்படுத்தலாம். தெரு சிக்னலில் பார்த்த நிறங்கள்தானே! பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கியதால் அது எளிதாயிற்று.

உங்களுக்குப் பள்ளியில் வரைபடம் சொல்லித்தந்தார்கள். வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்தக் கணக்கைப் போனில் காட்டும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "இதுல என்ன தெரியுது, சொல்லுங்க" என்று கேளுங்கள். பதில் தவறினால் பொறுமையாக மறுபடி விளக்குங்கள்.

அந்தத் தாயிடம் நானும் அப்படித்தான் கேட்டேன். இரண்டாம் முறை அவளே விரலை மேல்நோக்கி இழுத்து, "மாசாமாசம் இப்படி ஏறணும்" என்றாள். பிறகுதான் என்ன சாப்பாடு கொடுப்பது என்று பேசத் தொடங்கினோம்.