பன்னீர் ரோஜா கட்சி

ஊட்டி ரோஜாத் தோட்டம் 1995இல் தொடங்கியது. 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு விருதும் கொடுத்தது. போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். திரும்பும்போது அங்கே பார்த்த மாதிரியே ஒரு கலப்பினக் கன்றை வாங்கிவந்து சென்னை வெயிலில் வைப்பதுதான் வம்பு. குளிருக்குப் பழகிய செடி சித்திரையில் சுருண்டுவிடும். பழி நம் கைராசிமேல் விழும். தப்பிப் பிழைத்தாலும் இன்னொரு கண்டம் இருக்கிறது. நர்சரி ரோஜாக்கள் பெரும்பாலும் காட்டு ரோஜா வேரில் மொட்டு ஒட்டியவை. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை ‘நன்றாகத் துளிர்க்கிறதே’ என்று விட்டால், அது மொத்தச் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு மேலே இருக்கும் நல்ல ரகத்தைக் கொன்றுவிடும். கண்ணில் பட்டவுடன் அடியோடு கிள்ளிப்போட வேண்டும்.

இந்தத் தொல்லை பன்னீர் ரோஜாவுக்குக் கிடையாது. தெருவில் யார் வீட்டிலாவது கவாத்து செய்யும்போது பென்சில் கனத்தில் ஒரு குச்சி கேட்டு வாங்கி நட்டால் போதும். சொந்த வேரில் வளரும். தினம் ஐந்தாறு மணி நேர வெயில், நீர் தேங்காத மண், கொஞ்சம் மக்கிய சாணம். பூ சின்னதுதான், பறித்த அன்று மாலைக்குள் உதிர்ந்தும்விடும். ஆனால் மணக்கும். பூங்கொத்துக் கடையின் நீளக்காம்பு ரோஜாவை எத்தனை முறை மூக்கருகே கொண்டுபோனாலும் ஏமாற்றம்தான். தொலைதூரப் பயணத்தைத் தாங்குவதற்காக வளர்த்த பூ அது. வாசலில் வளர்க்கிற பூ எங்கே பயணம் போகப்போகிறது? காம்பவுண்டு ஓரத்தில் ஒரு முழம் மண் இருப்பவர்கள் பன்னீர் ரோஜாவையே வையுங்கள். குச்சி கேட்டு வருபவர்களுக்கு இல்லையென்று சொல்லாதீர்கள்.