கிரீஸ் அல்ல, எண்ணெய்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். தர்மபுரியில் பட்டறை வைத்திருக்கிறான். "சார், ஒரு ஸ்டேண்டர்டு ஹெரால்டு கிடைச்சிருக்கு. இருபது வருசமா தோப்புல நின்ன வண்டி. பாடி பரவாயில்ல, இன்ஜின்தான் ஜாம். எடுத்து ரெடி பண்ணப் போறேன்" என்றான்.

"புத்தகம் இருக்கா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டான். "காரைப் பத்திச் சொன்னா புத்தகத்தைக் கேக்கறீங்களே சார், ரிட்டயர் ஆகியும் வாத்தியாராவே இருக்கீங்க!"

அவன் சிரித்ததில் தப்பில்லை. நான் ஏன் கேட்டேன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

ஹெரால்டு நம் சென்னையில் செய்த கார். 1961 முதல் 1971 வரை ஸ்டேண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கேலொட்டி. பானெட்டைத் தூக்கினால் முன் மட்காடும் சேர்ந்து முதலை வாய் போலத் திறக்கும். எங்கள் மாமாவிடம் அப்படி ஒன்று இருந்தது. சொந்தத்தில் யார் கல்யாணம் என்றாலும் பெண் அழைப்புக்கு அந்த வண்டிதான்.

நான் கல்லூரி முடித்த வருடம். மாமா ஓட்ட, அத்தை பக்கத்தில், நான் பின்சீட்டில். சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். தொப்பூர் இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் டீக்கடையில் நிறுத்த மாமா வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். மடக்கென்று ஒரு சத்தம். முன் சக்கரம் மடிந்து படுத்துவிட்டது. அத்தைக்கு மணிக்கட்டில் அடி, அவ்வளவோடு போயிற்று. அன்று டீ குடிக்க ஆசை வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தொப்பூர் வழியே போகும் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுவாரம், டேஷ்போர்டு பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த கையேட்டைச் சும்மா புரட்டினேன். எண்ணெய், கிரீஸ் போடும் இடங்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் இருந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் முட்டுக்கு கியர் எண்ணெய்தான் விட வேண்டும், அதுவும் கிரீஸ் கன்னில் எண்ணெயை நிரப்பி ஏற்ற வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

ஏன் எண்ணெய்? சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மரை வெட்டி, அதை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. எண்ணெய் மரை முழுக்க இறங்கும். கிரீஸ் இறங்காது. நாளாக ஆக இறுகி, அடுத்து அடிப்பதையும் உள்ளே விடாது. தண்ணீர் தங்கும், துரு ஏறும், ஒருநாள் தண்டு முறியும்.

எங்கள் வண்டிக்கு வருடக்கணக்காக அங்கே கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அருமையான கைக்காரர். ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மாமாவுக்கு நேரமில்லை. வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான். புத்தகம் என் முழங்காலுக்கு எதிரே பல தடவை இருந்தும் ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். "இதைப் பத்திரமா வை தம்பி" என்று மாமா அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். பல வருடம் கழித்து வீடு மாற்றும்போது பழைய பாடப் புத்தகங்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். வாழ்நாளெல்லாம் "புத்தகத்தை மதியுங்கள்" என்று உங்களுக்குச் சொன்னவன் செய்த வேலை இது.

அதனால்தான் சொல்கிறேன். பழைய வண்டியைக் காப்பாற்றுவது என்றால் அதன் புத்தகத்தையும் காப்பாற்றுவது. பளபளப்பாகப் பெயின்ட் அடித்துப் படம் போட்டால் மட்டும் போதாது.

"ஜி.டி. நாயுடு புத்தகம் பார்த்தா கற்றார்? ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டியே கற்றார்" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் கார் மியூசியத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் அருமை தெரியும். ஆனால் ஐம்பது வருடத்தில் பத்துப் பட்டறை பார்த்த வண்டியின் கதை வேறு. எது கம்பெனி போட்டது, எது யாரோ ஒப்பேற்றியது என்று பிரித்துப் பார்த்தால் மட்டும் தெரியாது. முந்தைய ஆளின் தப்பையே நாமும் பாடமாகக் கற்றுக்கொள்வோம், கிரீஸ் போல.

சட்டமும் இப்போது இதைக் கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார், பைக்குகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. முக்கிய நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். வயதைப் பார்த்தால் எல்லா ஹெரால்டும் தேறிவிடும். அசல் எது என்று யார் சாட்சி சொல்வது? கம்பெனியே மூடிப் பல வருடம் ஆயிற்று. ட்ரையம்ப் கையேடுகள் வெளிநாட்டில் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன, ஆனால் நம் ஊரில் பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்டுக்கு அவை முழுசாகப் பொருந்தாது. இங்கே அச்சான புத்தகம்தான் சாட்சி.

"இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு" என்பீர்கள். பாதி சரி. புத்தகத்தை வாங்கிப் பீரோவில் பூட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அதற்கும் எடைக்குப் போட்ட எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பட்டறைக்காரன் கையில் புத்தகம் இல்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, இந்த ஞாயிற்றுக்கிழமை பரணைப் பாருங்கள். அம்பாசிடர், பியட், ஜாவா, லாம்பிரட்டா, எதன் புத்தகமானாலும் சரி. ஓட்டுபவருக்கான கையேடு, பட்டறைக் கையேடு, பாகங்களின் படமும் நம்பரும் உள்ள உதிரிபாகப் பட்டியல் என்று மூன்று வகை உண்டு. மூன்றும் வேண்டும்.

இரண்டு, கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுங்கள். அட்டையையும் ஓரத்தில் உள்ள பென்சில் குறிப்பையும் விட வேண்டாம். கிரீஸ் கறையோடு ஒரு மெக்கானிக் எழுதிய குறிப்பு, அச்சில் இல்லாத பாடம்.

மூன்று, ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஒரு பக்கத்தையாவது பக்கத்துப் பட்டறையில் தமிழில் படித்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வேலையைத்தான் நான் அன்று செய்யவில்லை.

என் மாணவன் கதைக்கு வருகிறேன். அவனுக்குப் புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை. ட்ரன்னியனை மட்டும் முதலில் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். நேற்று ராத்திரி படம் அனுப்பினான். உள்ளே களிமண் மாதிரி இறுகிப்போன கிரீஸ், மரையெல்லாம் துரு. கீழே ஒரு வரி: "சார், நானும் கிரீஸ்தான் அடிச்சிருப்பேன்."

யார் வீட்டிலாவது ஹெரால்டு கையேடு இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். இனாமாகக் கேட்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை எடைக்குப் போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்