கடிக்க முடியாத குண்டு

1857 குறித்துத் தமிழில் படிக்கும் மாணவருக்குக் கட்டாயம் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. துப்பாக்கிக் குண்டை எதற்காகப் பல்லால் கடிக்க வேண்டும்? ஈயத்தை எவரும் கடிப்பதில்லை. இன்றைய பித்தளைத் தோட்டாவைக் கடித்தாலும் பல்தான் போகும். எனினும் 'கொழுப்பு தடவிய குண்டுகளைக் கடிக்குமாறு சிப்பாய்கள் பணிக்கப்பட்டனர்' என்ற வாக்கியம் தலைமுறைகளாக மனப்பாடம் செய்யப்படுகிறது. தேர்விலும் மதிப்பெண் பெறுகிறது. வாக்கியம் இலக்கணப் பிழையற்றது. பொருள்தான் எங்கும் நிற்கவில்லை.

குழப்பம் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. குண்டு என்பது குழலிலிருந்து வெளியேறும் ஈயம். தோட்டா என்பது அந்த ஈயத்தையும் ஒருமுறை சுடுவதற்கான வெடிமருந்தையும் சேர்த்துப் பொதிந்த பொட்டலம். அன்று அது காகிதப் பொட்டலம். ஆங்கிலத்தின் 'கார்ட்ரிட்ஜ்', இந்தியின் 'கார்த்தூஸ்' ஆகிய இரண்டையும் பின்தொடர்ந்தால், காகிதச் சுருளைக் குறிக்கும் 'கார்த்தோச்சோ' என்ற இத்தாலியச் சொல்லில்தான் போய் முடியும். சிப்பாய் கடித்தது காகிதத்தின் மருந்து இருந்த முனையை, குண்டை அன்று. தமிழ் எழுத்தாளர் பலர் இவ்விரு சொற்களையும் ஒன்றாகக் கருதிவிட்டதால் காகிதம் கதையிலிருந்தே மறைந்துபோனது. காகிதம் மறைந்தபின் கொழுப்பு அங்கே ஏன் வந்தது என்பதும் புரியாமற் போகிறது.

கொழுப்பு வந்தது குண்டின் பொருத்தம் பற்றிய ஒரு சிக்கலால். பழைய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் 0.75 அங்குலம், குண்டு ஏறத்தாழ 0.69 அங்குலம். நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி. குண்டு தானாகவே உருண்டு உள்ளே இறங்கும். நூறு கெசத்துக்கு அப்பால் எங்கே போய்ப் படும் என்பதற்கும் உறுதியில்லை. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி வேறு வகை. குழலின் உட்சுவரில் சுருள் பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றால்தான் குறி தவறாது. அதற்குக் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும்; ஆனால் குழல்வாய் வழியே இரும்புக் கோலால் தள்ளி இறக்குவதற்கோ தளர்வாக இருக்க வேண்டும். இந்த முரணுக்குப் பிரெஞ்சு அதிகாரி மினியே 1849இல் விடை கண்டார்: அடிப்புறம் குழிந்த குண்டு தளர்வாக இறங்கும், வெடிப்பின் அழுத்தத்தில் அடிப்புறம் விரிந்து பள்ளங்களைப் பற்றும். என்ஃபீல்டின் குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. எஞ்சுவது 0.009 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இந்த இடுக்கில்தான் குண்டைச் சுற்றிய காகிதமும் இருக்க வேண்டும். கருமருந்து ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் குழலில் கரி படியும். சில முறை சுட்டபின் அது இறுகி, அடுத்த குண்டைப் பாதி வழியில் நிறுத்திவிடும். அதைத் தவிர்க்கவே குண்டிருக்கும் முனையில் காகிதத்தின் மேல் மசகு பூசினர். ஐந்து பங்கு விலங்குக் கொழுப்பு, ஐந்து பங்கு ஸ்டியரின், ஒரு பங்கு மெழுகு.

எந்த விலங்கின் கொழுப்பு? இதுவே உண்மையான கேள்வி. ஒப்பந்தக்காரர் தந்ததை எவரும் சோதிக்கவில்லை. பசுவும் பன்றியும் விலக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் வைக்கப்படவில்லை. ஆகவே 1857 சனவரியில் டம்டமில் எழுந்த ஐயத்தை 'மூடநம்பிக்கை' என்று எழுதுவோர் சற்றே நிதானிக்க வேண்டும். தன் வாய்க்கருகில் செல்லும் பொருள் எதனால் ஆனது என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவரிடம் பதில் இல்லை. இதில் மூடத்தனம் யார் பக்கம்?

மசகு பூசிய முனையும் கடிக்கும் முனையும் வெவ்வேறு என்பது உண்மையே. அதைச் சொல்லிச் சிப்பாயின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. கொழுப்பை வாயால் தொடாவிட்டாலும், குண்டை இறக்கும் விரல்கள் அதைத் தொட்டே தீரும். தீட்டுக்கு நாவும் விரலும் ஒன்றே.

சனவரி இறுதியிலேயே அரசு இறங்கிவந்தது. சிப்பாய்கள் தாமே தேர்ந்த மசகைப் பூசிக்கொள்ளலாம் என்றது. ஐயம் அடங்கவில்லை, காகிதத்துக்கு இடம் மாறியது. பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆவது படைப்பிரிவு மறுத்தது பழைய துப்பாக்கிக்குரிய, புதிய மசகு பூசாத தோட்டாக்களை. அவற்றின் காகிதம் இரு நிறங்களில் இருந்தது. பின்னர்க் கடிப்பதற்கு மாறாகக் கையால் கிழிக்கும் பயிற்சிமுறை வந்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் அதைச் செய்துகாட்டப் பணிக்கப்பட்ட 90 குதிரைப்படையினருள் 85 பேர் தோட்டாவைத் தொடவே மறுத்தனர். கட்டளையில் 'கடி' என்ற வினை 'கிழி' என்று மாறியதே, மறைப்பதற்கு ஏதோ இருந்தது என்பதற்குச் சான்றாகப் படிக்கப்பட்டது. மே 9 அன்று விலங்கு, மே 10 அன்று கிளர்ச்சி.

தோட்டா வெறும் தீப்பொறி, காரணங்கள் நிலவரியிலும் அவத் இணைப்பிலும் படைச்சம்பளத்திலும் உள்ளன என்பது ஆய்வாளரிடையே நிலைபெற்ற மறுமொழி. அது பெரும்பாலும் சரியே. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் பொருளை ஆராயும் கடமை தீர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். பால்மர் 1966இல் மீரட்டைப் பற்றி எழுதியபோது தோட்டாவின் அமைப்பையும் பயிற்சிமுறையையும் எடுத்து ஆராய்ந்தார். தமிழில் எழுதுவோர் அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. குண்டு எது, தோட்டா எது, காகிதம் எங்கே, மசகு எங்கே என்ற நான்கையும் நேராக எழுதினால், மாணவர் எஞ்சியதைத் தாமே கேட்டுத் தெரிந்துகொள்வார். சிந்துச் சமவெளி முத்திரையின் கோடுகளை எண்ணும் துறைக்கு இது எட்டாத உழைப்பன்று.

பிற்பாடு நடந்தது பாடநூல்களில் அரிதாகவே வருகிறது. கிளர்ச்சியை ஒடுக்க வந்த பிரிட்டிஷ் படைகளே இந்திய வெப்பத்தில் அதே துப்பாக்கியோடு மல்லாடின. குண்டு குழலில் இறங்க மறுத்தது. அதன்பின் குண்டின் விட்டம் 0.568இலிருந்து 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. இடைவெளி மும்மடங்கானது. மசகும் மாறியது, பெரும்பகுதி தேன்மெழுகாக.