நோயற்றவர் விழுங்கும் சர்க்கரை மாத்திரை

கற்றறிந்தோர் குழுக்களில் அண்மைக் காலமாக ஒரு பரிந்துரை சுற்றி வருகிறது. சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும் நாளொன்றுக்கு ஒரு மெட்ஃபார்மின் போட்டுக்கொள்ளுங்கள், எடை குறையும், முதுமை தள்ளிப்போகும் என்கிறார்கள். 'விலை சில ரூபாய்தான், அறுபதாண்டாகப் பழகிய மருந்து, என்ன கெட்டுவிடப் போகிறது?' என்றும் கேட்கிறார்கள். மாணவரின் ஆய்வேட்டில் ஒப்பீட்டுக் குழு பிழையென்றால் சிவப்பு மையால் சுழிப்பவர்களே இப்படிக் கேட்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடை. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 3,234 பேர். அனைவரும் நீரிழிவின் வாசலில் நின்றவர்கள். சராசரி உடல்நிறைக் குறியீடு 34. மாத்திரை உண்டோர் இழந்தது சராசரியாக 2.1 கிலோ, உணவையும் நடையையும் திருத்தியோர் இழந்தது 5.6 கிலோ. நோய் வரும் வாய்ப்பை மாத்திரை 31 விழுக்காடு குறைத்தது. வாழ்க்கைமுறை மாற்றம் 58 விழுக்காடு குறைத்தது. சென்னையிலிருந்து மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 இந்தியரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் 28.5 விழுக்காடு, மாத்திரை மட்டும் 26.4, இரண்டும் சேர்ந்து 28.2. அதாவது, நடக்கத் தொடங்கியவருக்கு மாத்திரை கூடுதலாக எதையும் தரவில்லை.

ஆயுள் நீளும் என்ற பேச்சு பெரிதும் 2014இல் வந்த பிரிட்டன் ஆய்வொன்றை நம்பி நிற்கிறது. மெட்ஃபார்மின் உண்ணும் நீரிழிவாளர்கள் நோயற்றவரைவிடவும் நீண்டு வாழ்ந்ததாக அது கூறியது. ஆனால், நோய் முற்றி வேறு மருந்துக்கு மாறியவர்கள் அந்தக் கணக்கிலிருந்து அத்தோடு விலக்கப்பட்டார்கள். தேர்வில் தோற்றவரை நீக்கிவிட்டு வகுப்பின் சராசரியைப் புகழ்வது போன்றது இது. டென்மார்க் பதிவேடுகளைக் கொண்டு 2022இல் மறுபடி கணக்கிட்டபோது அந்த ஆதாயம் காணாமற்போனது. 2024இல் ஆண் குரங்குகள் சிலவற்றில் மூளையின் மூப்பு மந்தப்பட்டது உண்மைதான், ஆர்வமூட்டும் செய்தி. அது ஆய்வைத் தொடரக் காரணமாகலாம், காலை உணவோடு விழுங்கக் காரணமாகாது.

'கெடுதல் இல்லையே' என்பதுதான் என்னை மிகவும் உறுத்தும் வாதம். நெடுங்கால உபயோகத்தில் பி12 உயிர்ச்சத்து குறைவது பலருக்கும் தெரியும். அதைவிடக் கனமானது தசை. புனேயின் யாஜ்னிக்கும் இலண்டனின் யுட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004இல் எழுதினார்கள். இருவருக்கும் உடல்நிறைக் குறியீடு 22.3, கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. மெலிந்து தோன்றும் நம்மவர் உடலில் பல வேளை பற்றாக்குறையாய் இருப்பது தசையே. இனி, 2019இல் அமெரிக்காவில் முடிந்த சோதனையைப் பாருங்கள். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய, நீரிழிவற்ற முதியோர் பதினான்கு வாரம் எடை தூக்கிப் பயின்றார்கள். போலி மாத்திரை உண்டவர்களுக்குத் தசை கூடுதலாக வளர்ந்தது. மெட்ஃபார்மின் உண்டவர்களுக்கு அந்த வளர்ச்சி மட்டுப்பட்டது. இளமைக்கென்று விழுங்கியது உடற்பயிற்சியின் பலனைத் தின்றிருக்கிறது! வைப்பின் படகுத்துறையில் இறங்கும் முதியவருக்குத் தொடையில் வலு வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுக்கு ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிவதைவிடப் பெரிய மூப்பு எது?

நான் மருந்துக்கு எதிரியல்லன். ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 விழுக்காட்டினர் நீரிழிவாளர்கள், மெட்ஃபார்மின் அவர்களுடையது. சினைப்பை நீர்க்கட்டி நோய்க்கும், மனநோய் மருந்துகளால் ஏறும் எடைக்கும் மருத்துவர் அதைத் தருவதிலும் எனக்கு வழக்கில்லை. வேடிக்கை என்னவென்றால், 'சிறுநீரகத்தைக் கெடுக்கும், நிறுத்திவிடு' என்று நீரிழிவாளரை மிரட்டுவதும், 'இளமை தரும், தொடங்கு' என்று நோயற்றவரை அழைப்பதும் ஒரே வாட்ஸ்அப்தான். இரண்டில் முன்னது அதிகக் கேடு செய்கிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், அவ்வளவே. இதை எடுத்துச் சொல்ல வேண்டிய படித்தவர்களோ தமக்கான இளமைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதுமையை இம்மருந்து உண்மையிலேயே தள்ளிப்போடுமா என்று அறிய அமெரிக்காவில் நிர் பார்சிலாய் ஒரு சோதனையைத் திட்டமிட்டார்: 65 முதல் 79 வயது வரையுள்ள 3,000 பேர், ஆறாண்டுகள். காப்புரிமை தீர்ந்த மலிவு மருந்தில் எந்த நிறுவனத்துக்கும் இலாபமில்லை. பணம் திரட்டுவதே பெரும்பாடாயிற்று. இலாபத்தை நோக்காமல் இப்படியொரு சோதனையை நடத்த அரசு நிறுவனங்களால்தான் முடியும். நம் உடல்வாகிலும் நம் உணவிலும், தசையின் வலிமையையும் அளந்து அதை இங்கேயே நடத்துமாறு ஐ.சி.எம்.ஆருக்கு எழுதுவோர் உண்டா? வரைவை நான் எழுதித் தருகிறேன். கையொப்பமிட விரும்புவோர் கீழே பெயரைக் குறிப்பிடுங்கள்.