கணினிப் பக்கம்: இருண்ட திரை

சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு நடைபெறும் தமிழ் வகுப்பை அன்பர்கள் அறிவர். ஆசிரியை தஞ்சையிலிருந்து காணொளி வாயிலாகக் கற்பிக்கிறார். நாகபுரியிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பதினெண்மர் பாயில் அமர்ந்து, பெரிய திரையைப் பார்த்துப் படிக்கின்றனர். சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, ஒன்பதே முக்கால் மணிக்கு நாம் கணினியை முடுக்கியபோது, கறுத்த திரையின் இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வேறொன்றும் வரவில்லை.

அக்கணினி அன்பர் ஒருவர் கழித்துக் கொடுத்த பழைய பெட்டி. புதியது வாங்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தபோது, லினக்ஸ் ஏற்றினால் இது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்று வாக்களித்தவர் நாமே. ஆதலால் அன்று நம் முகம் எவ்வாறு இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். லினக்ஸின் உயிர்நிலையாகிய கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-இல் வெளியிட்டார். இன்றும் ஒன்பது, பத்து வாரங்களுக்கொரு முறை அதன் புதிய பதிப்பு வருகிறது. திரையில் காட்சியை வரையும் கிராஃபிக்ஸ் கார்டை இயக்குவது, அக்கெர்னலோடு ஒட்டி நின்று வேலை செய்யும் மாட்யூல். இன்டெல், ஏ.எம்.டி. கார்டுகளுக்குரிய மாட்யூல்கள் கெர்னலுடனேயே வருகின்றன. அவற்றை உடையோர் பெரும்பாலும் கவலையின்றி உறங்கலாம். வெளியிலிருந்து பெற்றுச் சேர்க்கும் மாட்யூலோ, எந்தக் கெர்னலுக்கென்று கம்பைல் செய்யப்பட்டதோ அதற்கே பொருந்தும். கெர்னலின் உள்ளிணைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. மாறா என்று அதனை ஆக்குவோர் உறுதி கூறுவதில்லை. மீட்டர் கேஜ் பெட்டியை அகலப் பாதையில் ஓட்ட இயலுமோ? இரயில்வே எழுத்தராகிய நமக்கு இவ்வுவமையே முதலில் தோன்றியது.

ஆகவே கெர்னல் மாறுந்தோறும் மூல நிரலிலிருந்து மாட்யூலைப் புதிதாகக் கம்பைல் செய்தல் வேண்டும். இதனைத் தானாகவே செய்து முடிக்க, டெல் நிறுவனத்தார் ஆக்கிய டி.கே.எம்.எஸ். என்னும் கருவி உண்டு. ஆனால் புதிய கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லையேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வட்டில் இடம் போதவில்லையென்று முந்திய மாதம் ஹெடர் தொகுப்பை நீக்கியவர் யார்? நாமேதான்! இரவில் தானாக நடந்த மேம்படுத்தலில் கெர்னல் வந்தது, ஹெடர் வரவில்லை, மாட்யூல் பிறக்கவில்லை.

மணி பத்தாக ஐந்து நிமிடமே இருந்தது. கணினியை மறுபடி முடுக்கி, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தோம். அதற்கென முன்பே ஆக்கிய மாட்யூல் வட்டில் அப்படியே இருந்ததால் திரை ஒளிர்ந்தது. இடம் போதவில்லையென்று அந்தப் பழைய கெர்னலையும் அழிக்க நினைத்திருந்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். அன்பர்கள் பழைய கெர்னல் ஒன்றையேனும் எப்போதும் விட்டுவைக்க.

வகுப்பு முடிந்தபின் புதிய கெர்னலுக்குரிய ஹெடர்களை நிறுவி, டி.கே.எம்.எஸ்.-ஐ ஏவினோம். பெட்டியின் விசிறி இரைந்தது. சில நிமிடங்களில் மாட்யூல் ஆயிற்று. அதன் பின் புதிய கெர்னலிலும் படம் வந்தது. கம்பைல் இடையில் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டா, டி.கே.எம்.எஸ். எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில் முதல் பிழையைத் தேடிப் படிக்க. கடைசிப் பிழையைப் படித்து மயங்குவோரே பலர்.

என்விடியா கார்டு வைத்திருக்கும் அன்பர்க்கு ஒரு செய்தி. அந்நிறுவனம் தன் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலை 2022 மே மாதத்தில் வெளியிட்டது. 2018-இல் வந்த டியூரிங் வகைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்குமே அது உதவும். முந்திய கார்டுகளுக்கு ஒரு பகுதியே நம் கணினியில் கம்பைல் ஆகும். எஞ்சியது மூடிய பொட்டலமாகவே வரும்.

செக்யூர் பூட் உள்ள கணினியில் கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுமுறை முடுக்குகையில் நீலத் திரை தோன்றும். அங்கே அச்சொல்லைக் கொடுத்துச் சாவியைப் பதிவு செய்க. அத்திரை சில விநாடிகளே காத்திருக்கும்; தேநீர் எடுக்கப் போய்விட வேண்டா.

அன்று வகுப்பு ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்கியது ஏன் என்று செயற்குழுவில் இதுவரை எவரும் கேட்கவில்லை. இவ்விதழ் கைக்கு வந்ததும் கேட்பர்.