துண்டு கட்டினால் போதுமா?

திருவக்கரை என்றதும் வக்ரகாளியம்மனும் கல்மரமும் நினைவுக்கு வரும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்களைக் கல்லாக்கியது சிலிக்கா. சுற்றுவட்டாரக் கல்குவாரித் தூசியிலும் அது உண்டு.

அந்தத் தூசி மூச்சுக்குழாயின் உட்சுவர் செல்களைச் சீண்டினால், செல்லுக்குள் கட்டுண்டு கிடக்கும் ‘என்எஃப் கப்பா பி’ என்ற புரதம் விடுபட்டு, உட்கருவுக்குள் புகுந்து, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். 1986-ல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் கண்டறிந்த புரதம் இது. விளைவு... வீக்கம், சளி, இருமல்.

ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்த மரபணுக்களைத்தான் அடக்குகிறது. மூச்சு சீரானதும் நீங்களாகவே நிறுத்தினால், அவை மறுபடி விழித்துக்கொள்ளும்.

ஆனால், சிலிக்கா நுரையீரலில் உண்டாக்கும் தழும்பை எந்த இன்ஹேலரும் ஆற்றாது. குவாரிக்குப் போகிறவர்களே... துண்டு போதாது, என்95 முகக்கவசமும், தண்ணீர் தெளித்துக் கல் உடைப்பதும் அவசியம்!